கட்டிக்கொள்வது

எஸ்பியர் துறைமுகத்தில் நவம்பர் காற்று
யாரையும் நேராக நிற்க விடாது.
தூரா மட்டும் நிற்பாள்.
கடலுக்குள் நட்ட காற்றாலைகளின் உச்சியில்
கப்பல்கள் தீப்பெட்டியாகும் உயரத்தில்
தொங்கியபடி போல்ட் முடுக்குவது அவள் வேலை.
பதினாறு வருஷமாய்
வாருக்குள் கால் நுழைத்து, கால் உருவி
இடுப்பில் ஒரு தடம் தங்கிவிட்டது.
விளக்கை அணைத்தாலும் என் விரலுக்கு வழி தெரியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள்.
இது தெளிவா, அது தெளிவா,
முதலாவதா, இரண்டாவதா என்று
நாளெல்லாம் கேட்டுக் கேட்டு
வீடு வந்தால்
சூப்பா, மீனா என்று யாராவது கேட்டாலே அழுகை வரும்.

அப்படிப்பட்ட நாங்கள் ஒரு சனிக்கிழமை
இரண்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து
ஓர்ஹூஸ் போனோம்.
எங்கள் ஊரிலும் அந்த மாதிரிக் கடை உண்டு.
கல்லாவில் இருப்பவருக்கு
போன மாதம்தான் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன்.
நல்ல பார்வை இப்போது அவருக்கு.

இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
செருப்புக்கடை வெளிச்சம்.
ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை.
எஸ்கில் என்று பெயர்ப்பட்டை குத்தியவன்
மழைக்காலத்துக்குப் பூட்ஸ் விற்கிற குரலில் சொன்னான்:
"முதலில் இடுப்பளவு. பொம்மையை அப்புறம் பார்க்கலாம்.
எல்லோரும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள்."

நான் அதற்குள் தலைகீழாகத் தொடங்கியிருந்தேன்.
கையில் ஊதா நிறத்தில் ஒரு வீராப்பு.
மெல்லத் திரும்ப வைத்தேன்.

தோல் வார் அழகு, துவைப்பது பாடு.
துணி மெத்தென்று இருக்கும், போகப் போகத் தளரும்.
வளையம் கழற்றி மாட்டும்படி இருந்தால்
நாளை மனசு மாறினாலும் வார் வீணாகாது.
சிலிக்கோன் என்றால் கொதிநீரில் போடலாம்.
தண்ணீரில் கரையும் வழவழப்பு மட்டும் போதும்,
தாராளமாக, என்றான்,
"நினைப்பதைவிட இரண்டு மடங்கு."

தூரா எதையும் கேட்கவில்லை.
தையலை நகத்தால் நெம்பினாள்.
வாரை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
பக்கிளை ஒற்றைக் கையால் பூட்டித் திறந்தாள், பூட்டித் திறந்தாள்.
பிறகு கேட்டாள்:
"எத்தனை கிலோ தாங்கும்?"
எஸ்கில் வாயடைத்து நின்றான்.
நான் சிரித்த சிரிப்பில்
மூன்று புட்டிகள் உருண்டன.

அவன் அளவு நாடாவோடு அவளிடம் போனான்.
அவள் ஒதுங்கிக்கொண்டாள்.
"எனக்கில்லை.
வாரம் முழுக்க நான்தான் கட்டிக்கொண்டு தொங்குகிறேன்.
வீட்டிலாவது இன்னொருத்தி கட்டிக்கொள்ளட்டும்.
எனக்கு மல்லாந்து கிடக்கணும்.
கீழே ஒன்றும் இல்லாமல் இல்லை,
மெத்தை இருக்கிறது என்று தெரிந்து கிடக்கணும்."

ஏழு வருஷம்.
ஊரையே கேட்கிறவள்
இவளை ஒரு தடவை கேட்டதில்லை.

கோட்டைக் கழற்றினேன்.
தொண்ணூற்றாறு என்றான் எஸ்கில், சத்தமாக.
வெட்கப்படத் தயாராகி நின்றேன்.
வரவில்லை. லென்ஸ் எண் போல அதுவும் ஓர் எண்.

கடைசியில்
கறுப்புத் துணி வார், இரண்டு பக்கிள்.
பாசிப்பச்சையில் சின்னது,
கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன்.
"சின்னதில் தொடங்கி யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை"
என்று பையில் போட்டான்.

அன்று ராத்திரி நான் கட்டியதில்
இடது வார் முறுக்கிக்கொண்டது.
மண்டியிட்டுச் சரிசெய்தாள்.
வாருக்கும் என் தோலுக்கும் நடுவே
இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள்,
உச்சிக்கு ஏறுமுன் கூட்டாளிக்குப் பார்க்கிற மாதிரி
பக்கிளை மூன்று தடவை இழுத்தாள்.
"சரியா?"
"சரி. உனக்கு?"

எனக்குத் தொடை பிடித்துக்கொண்டதையும்
பாதியில் நிறுத்தி ரொட்டியும் ஹெர்ரிங்கும் தின்றதையும்
மறுபடி போனதையும்
அவள் ஒரு தடவை என் பெயரைத் தப்பாக உச்சரித்ததையும்
எழுதப் போவதில்லை.

முட்டைக்கு ஏழு நிமிஷம், இதற்கு ஐந்து.
அந்தப் பானையில் இனி உருளைக்கிழங்கு வேண்டாம் என்றாள்.

திங்கள் விடியலில் படகேறிப் போய்விட்டாள்.
அவளது மஞ்சள் வார் தொங்கும் ஆணியில்
என் கறுப்பு வார் காய்ந்துகொண்டிருந்தது.
அதில் ஒரு சீட்டு,
வேலையிடத்திலிருந்து எடுத்து வந்தது,
அழியா மையில்:
சோதித்தவர் தூரா.
பழுது ஏதும் இல்லை.
அடுத்த சோதனை புதன்,
காற்று விட்டால்.